மூக்கரின் பித்தளை மகுடம்

மார்ச் 3

மருமகளே,

இருபத்திரண்டு வருடம் ஒரே மூக்கைத் துடைத்து ஒரு தொழிற்சாலைக்கே மூச்சு வாங்கிக் கொடுத்தவனும், எழுநூறு டிகிரிச் சூட்டுக்குள் கைவிட்டு எடுத்தும் நகம்கூடக் கருகாதவனும், உன் அம்மாவுக்கு ஒரே தம்பியும், உன் அப்பாவுக்குத் தீராத தலைவலியுமாகிய உன் மாமா எழுதுவது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் ஒரு யானையைத் தூக்க ஆரம்பித்தால், அதன் தும்பிக்கை தரையைவிட்டுக் கிளம்புவதற்குள் "போதும் மாமா" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்தில் அது நடக்காது. கடைசி வரி வரை யானையோடு நீ வந்தே ஆகவேண்டும்.

இந்தப் புதுத் தொழிற்சாலையின் பாய்லரைப் பற்றி என்ன சொல்ல. நம்ம பாய்லர் இதன் பக்கத்தில் டீக்கடை அடுப்பு. அனலைசர் இருக்கும் மேல்தளத்துக்கு ஏறத் தொடங்கும்போது முகம் மழமழவென்று சவரம் செய்திருந்தேன். போய்ச் சேர்ந்தபோது தாடி. இறங்கி வந்தால் வாசலில் காவலாளி என்னை என் அப்பா என்று நினைத்துக் கும்பிடுகிறான்.

அங்கே என் மூக்கர் எப்படி இருக்கிறார்? "ஆக்சிஜன் அனலைசர்" என்று பதிவேட்டில் எழுதிக்கொள். என்னைப் பொறுத்தவரை அவர் மூக்கர்தான். புகைப் பாதைக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு, எரிந்து முடிந்த புகையில் இன்னும் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று முகர்ந்து சொல்கிறவர். நூற்றுக்கு மூன்றரை என்றால் மூன்றரை. அவர் சொல்லைக் கேட்டுத்தான் கீழே உன் அப்பா காற்றைக் கூட்டுவதும் குறைப்பதும். அதாவது உன் அப்பா கை, என் மூக்கர் மூளை. இதை அத்தானிடம் இதே வார்த்தைகளில் சொல்லவும்.

நான் கிளம்பி ஐந்து மாதம் ஆகிறது. என் நாற்காலியில் நீ உட்கார்ந்திருக்கிறாய். மாதம் ஒரு தரம் சோதனை வாயு கொடுத்து அவர் சொல்வது சரிதானா என்று பார்க்கிறாயா? நான் இருந்தபோது அவர் ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை. தப்பாகச் சொல்ல நேர்ந்தால் வெட்கத்தில் தானே அணைந்துவிடுவார்.

கடைசி நாள் அவரிடம் விடைபெறப் போனேன். இருவரும் அழுதோம். எங்கள் கண்ணீரில் பாய்லருக்கு இரண்டு ஷிப்ட் தண்ணீர் ஆயிற்று. பிறகு அவர் தன் தலையிலிருந்த பித்தளை மகுடத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "நினைவாக வைத்துக்கொள்ளும்" என்றார். அதை இங்கே அறையில் என் அலாரக் கடிகாரத்தின் உச்சியில் சூட்டியிருக்கிறேன். காலையில் என்னை எழுப்புவது இப்போது ஒரு சக்கரவர்த்தி.

அக்காவுக்கு அன்பு. அத்தானுக்கு அனுதாபம்.

உன் மாமா


மார்ச் 10

மாமா,

உங்கள் கடிதம் வந்த அன்று பிரிக்கவில்லை. இன்றுதான் படித்தேன். சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்குப் பாய்லருக்குள் வெடித்தது. "சிறு அழுத்த வெடிப்பு" என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். நான் கருவி அறையில் இருந்தேன். மேஜையில் இருந்த டீ கிளாஸ் தானாக நகர்ந்து ஓரத்துக்குப் போய் விழுந்தது. அது உடைந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. காதில் ஒன்றுமே இல்லை. ஓடினேன். நெருப்பைப் பார்க்கும் சின்னக் கதவு கொக்கியோடு திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் அப்பா உட்கார்ந்திருந்தார். சட்டையின் வலது கை இல்லை. முழங்கையிலிருந்து விரல் வரை என்ன நிறம் என்று எழுத மாட்டேன். என்னைப் பார்த்து, "பேனல்ல எவ்வளவுன்னு பாரும்மா" என்றார். அதைத்தான் முதலில் கேட்டார்.

இரண்டு வாரமாகவே புகை கறுப்பாக வந்துகொண்டிருந்தது. ஆனால் பேனல் ஆக்சிஜன் ஐந்து, ஆறு என்று காட்டியது. நான்குக்கு மேல் போனால் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது விதி. அப்பா குறைத்தார். மறுபடி ஏறியது, மறுபடி குறைத்தார். சனிக்கிழமை காலை நெருப்பு மங்கிச் சிவந்து போயிருக்கிறது. பேனல் என்ன சொன்னாலும் சரி என்று அப்பா காற்றைத் திறந்தார். உள்ளே எரியாமல் தேங்கி நின்றதெல்லாம் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது.

அன்று மத்தியானமே என்னைக் கூப்பிட்டு அனலைசரைச் சோதிக்கச் சொன்னார்கள். அது தனியாகச் சூடு ஏற்றிக்கொள்வதால் பாய்லர் நின்றாலும் சோதிக்கலாம். சோதனை வாயுச் சிலிண்டரில் எழுதியிருக்கும் ஆக்சிஜன் அளவு மூன்று. அது காட்டியது மூன்று. வெளிக்காற்றைக் கொடுத்தேன். இருபத்தொன்று காட்டவேண்டும், அதையே காட்டியது. "கருவி சரியாக உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படி இறங்கும்போதுதான் எதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று உறைத்தது. கருவி சரி என்றால் ஆள் தப்பு.

அப்பாவின் ஆபரேட்டர் லைசென்ஸை ரத்துசெய்யப் பரிந்துரைத்திருக்கிறார்கள். விசாரணை இருபத்தேழாம் தேதி. அவருக்கு எதிராக இருக்கும் ஒரே காகிதம் நான் கையெழுத்துப் போட்டது.

நீங்கள் அதோடு இருபத்திரண்டு வருடம் இருந்தவர். சோதனையில் சரியாகக் காட்டும் கருவி, வேலையில் தப்பாகக் காட்டுமா? ஒரு வரியில் பதில் எழுதுங்கள். யானை வேண்டாம்.


மார்ச் 14

மருமகளே,

நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தேன். முடிக்கும்போது தரையில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. இது என் வழக்கமான கதை இல்லை, நிஜமாகவே தெரியவில்லை. அத்தானுடைய வலது கை. என் கல்யாணத்தில் பந்தலுக்குக் கயிறு கட்டிய கை. சீட்டாட்டத்தில் என்னை நாற்பதாயிரம் தடவை ஏமாற்றிய கை.

நீ கேட்ட ஒரு வரி: காட்டாது.

இதை எழுத எனக்குச் சந்தோஷமா? ஆனால் என்னிடம் கேட்டாய். சோதனை வாயுவுக்கு மூன்று என்று சொன்னவர் புகைக்கு மட்டும் ஏன் பொய் சொல்லப்போகிறார்? மழை, இடி, மின்சாரம் போய் வந்த நாள், எலி கடித்த ஒயர், எல்லாவற்றிலும் அவரைப் பார்த்திருக்கிறேன். உலகம் முழுவதும் பொய் சொன்னாலும் கடைசியாக உண்மை பேசும் ஒரே ஜீவன் அவராகத்தான் இருக்கும்.

அதனால் கோபப்படாமல் கேள். புகை கறுப்பாகப் போவதைக் கண் பார்க்கிறது. கண்ணை நம்பவேண்டாமா? அத்தானுக்குப் பேனலைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும், போட்டுக்கொள்ள மாட்டார், அது ஊருக்கே தெரியும். மூன்றை ஆறு என்று படித்திருப்பாரோ? கண் சரியில்லை, தவறிவிட்டது, மன்னிக்கவும் என்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டால் லைசென்ஸைத் தொடாமல் கண்டிப்போடு விட்டுவிடுவார்கள். விசாரணையை நடத்தப்போகும் தொழிற்சாலைப் பெரியவர் எனக்குத் தெரிந்தவர். ஒரு வார்த்தை எழுதட்டுமா?

கைக்கு என்ன மருந்து போடுகிறார்கள்? அக்கா சாப்பிடுகிறாளா?

மாமா


மார்ச் 19

மாமா,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. அவர் இடது கையால் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கடிதத்தை வாங்கி அவரே ஒருமுறை படித்தார். பிறகு மடித்துக் கொடுத்தார். அம்மாதான் பேசினாள். "என் தம்பிக்கு அந்த மெஷின்தான் அத்தான், இவர் வெளியாள்" என்றாள். அதற்குப் பிறகு உங்கள் பேரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

நேற்று நீங்கள் மூன்று தடவை போன் செய்தீர்கள். எடுக்க மாட்டேன். குரலில் நீங்கள் எதையும் பூசி மெழுகிவிடுவீர்கள். எழுதுங்கள். எழுத்தில் ஒரு வரியை அடித்தால் அடித்தது தெரியும்.

இனி எழுதப்போவதைக் கவனமாகப் படியுங்கள்.

நேற்று முன்தினம் பாய்லரை மறுபடி பற்றவைத்தார்கள். அப்பாவுக்குப் பதிலாகக் கூட்ஸ் வண்டி பேனலில் உட்கார்ந்திருந்தார். எதையும் மெதுவாகச் செய்கிறார் என்று நீங்கள்தானே அவருக்கு அந்தப் பேர் வைத்தீர்கள். நான் மேலே போய் இன்னொரு தடவை சோதித்தேன். குழாயை மாட்டி வாயு கொடுத்தேன். மூன்றுக்கு மூன்று. குழாயைக் கழற்றி, அது மாட்டியிருந்த ஓட்டையில் வழக்கம்போல் மரத் தக்கையைச் செருகினேன். வாக்கி டாக்கியில் கேட்டேன், ஆறு என்றார். ஒன்றும் தோன்றாமல் அங்கேயே நின்றேன். இரைச்சலில் எதுவும் கேட்காது, உங்களுக்குத் தெரியும். அங்கே தொங்கிய பதிவு அட்டையின் மூலை மட்டும் தக்கையின் பக்கம் சாய்ந்து சாய்ந்து ஆடியது. ஊதினால் ஆடுகிற மாதிரி இல்லை. உள்ளே இழுக்கிற மாதிரி.

தக்கையைப் பிடுங்கிவிட்டு, தோல் கையுறை போட்ட கட்டைவிரலால் ஓட்டையை அழுத்தி மூடினேன்.

"இப்ப எவ்வளவு?"

"ஆறு."

"பாத்துக்கிட்டே இருங்க."

"அஞ்சரை. அஞ்சு. நாலு. ஏம்மா, மேல என்ன பண்றே? ரெண்டு. ஒண்ணரை. ஒண்ணுக்குக் கீழ போயிருச்சும்மா."

விரலை எடுத்தேன்.

"ஏறுது. மூணு. அஞ்சு. ஆறு. பேய் புடிச்சிருச்சா இதுக்கு?"

 "காத்தைத் திறங்க, ஒரேயடியா வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமா" என்றேன். அவர் கூட்ஸ் வண்டியாக இருந்தது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் இன்னொரு கை போயிருக்கும்.

புகைப் பாதை எப்போதும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சோதனை ஓட்டை நேராக மூக்கின் நுனிக்குப் போகிறது. தக்கை சூட்டில் காய்ந்து சுருங்கியிருக்கிறது. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று போய் நுனியிலேயே நிற்கிறது. உங்கள் மூக்கர் முகர்ந்தது புகையை அல்ல, அந்தத் தளத்தின் காற்றை. சோதிக்கும்போது ஓட்டையில் நம்ம குழாய் மாட்டியிருக்கிறது, இடுக்கு இல்லை. அதனால் சோதனையில் எப்போதும் உத்தமர். குழாயைக் கழற்றியதும் பொய்.

ஐந்து மாதம் அந்தத் தக்கையை எடுத்தும் செருகியும் வந்தது நான், டேப் பிய்ந்தபோது மேலே புதுசு சுற்றியதும் நான். அங்கே இருக்கவேண்டியதே அதுதான் என்று நினைத்தேன். கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது என் கணக்கில் இருக்கட்டும்.

கீழே வந்து மேனுவலைப் புரட்டினேன். அந்த ஓட்டைக்கு ஆறு பட்டைப் பித்தளை மூடி இருக்கவேண்டும் என்று படம் போட்டிருக்கிறது. நீங்கள் விட்டுப்போன ஒப்படைப்புத் தாளையும் எடுத்தேன். அரைப் பக்கம் எனக்கு வாழ்த்து இருக்கிறது. "மூக்கர் பூரண நலம்" என்று இருக்கிறது. தக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிறகு உங்கள் மார்ச் மூன்றாம் தேதிக் கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்தேன்.

மூடிகள் மாறிப் போகக்கூடாது என்று ஒவ்வொன்றின் பட்டையிலும் அதன் கருவி எண்ணைப் பொறிக்க வைத்தது நீங்கள்தான். உங்கள் அலாரக் கடிகாரத்தின் உச்சியில் இருப்பதை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். என்ன எண் என்று எழுதுங்கள்.


மார்ச் 22

17.

நானே சுத்தியலால் அடித்த எண். ஏழின் தலை கொஞ்சம் கோணல். அன்று கை வழுக்கியது.

உன் கடிதம் வந்து அதைக் கையில் எடுத்ததிலிருந்து கீழே வைக்க முடியவில்லை. ஒரு தோலுரித்த பாக்கு அளவு இருக்குமா அது? கனம் தாங்க முடியவில்லை மருமகளே. நான் தூக்கிய யானைகளையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் இது கீழே போகும்.

நடந்ததைச் சொல்கிறேன். கடைசி நாள் மத்தியானம் எல்லோரும் கீழே மாலையோடு காத்திருந்தார்கள். நான் மேலே போய்க் கடைசியாக ஒரு தடவை சோதித்தேன். மூடி கையில் இருந்தது. தேய்த்துத் தேய்த்து இருபத்திரண்டு வருடத்தில் பொன் மாதிரி ஆகியிருந்தது. அதை அந்தக் கரிப்புகையில் விட்டுப்போக மனம் வரவில்லை. ஸ்டோரில் புதுசு கிடக்கிறது, நாளைக்கு மருமகள் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அதுவரைக்கும் என்று பெட்டிப் பலகையிலிருந்து ஒரு துண்டைச் சீவி, டேப் சுற்றி அடித்தேன். இறங்கி வந்தேன். மாலை போட்டார்கள். பேசச் சொன்னார்கள். பேசினேன், உனக்குத் தெரியும், முக்கால் மணி நேரம். பேசி முடித்தபோது தக்கை என் நினைவில் இல்லை. மூடி மட்டும் பையில் இருந்தது.

திருடினேன் என்று எழுத வரவில்லை. ஆனால் அதற்கு வேறு வார்த்தையும் கிடைக்கவில்லை.

அத்தானைக் கண்ணாடி போடச் சொன்னேன். நான்.

பெரியவருக்கு நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன். பதினோரு பக்கம். ஒன்றையும் மறைக்கவில்லை. கல்லும் கரைந்து ஓடும், பார். அதைப் படித்துவிட்டு அத்தானுக்கு லைசென்ஸ் கொடுக்காவிட்டால் அந்த மனிதருக்கு நெஞ்சு இருக்கும் இடத்தில் வால்வுதான் இருக்கவேண்டும்.

மாமா


மார்ச் 28

மாமா,

நேற்று விசாரணை. உங்கள் பதினோரு பக்கமும் மேஜையில் இருந்தது.

முதலில் நான் தக்கையைக் காட்டினேன், விரல் வைத்துப் பார்த்ததைச் சொன்னேன், கூட்ஸ் வண்டியும் சொன்னார். பாதுகாப்பு அதிகாரி கேட்டார்: "இது வெடிச்ச அதிர்வுல லூசாகியிருக்கலாமே? இல்ல, அதுக்கப்புறம் யாராச்சும் லூசாக்கியிருக்கலாமே?" யாராச்சும் என்றபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் பார்த்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் மகள், மேல்தளத்தில் தனியாக.

அதனால், ஐந்து மாதம் முன்பே மூடி இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். பெரியவர் உங்கள் கடிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"'மூக்கர் தம் திருமுடியைக் கழற்றி என் கரத்தில் ஈந்த அக்கணமே அறம் பிழைத்தது.' யோவ், கேளுங்கய்யா. 'ஏழு கடலும் கொதித்து வற்றினாலும் என் கண்ணீர் வற்றாது.'"

இரண்டாம் பக்கத்திலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்டோர்காரர், "போன வருஷம் புகையை மோந்தே ஆக்சிஜன் சொல்வேன்னு பந்தயம் கட்டினாரே, அவரு தானே" என்றார். நாலாம் பக்கத்தில் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை மடித்தார். "பாவம், அத்தான் மேல அவ்வளவு பாசம். அவரைக் காப்பாத்த ஒரு காவியமே எழுதிட்டான். இதைச் சாட்சின்னு ஃபைல்ல வெச்சா என்னைத்தான் விசாரிப்பாங்க" என்றார்.

மூடியைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தது ஒன்பதாம் பக்கத்தில். அதுவரை யாரும் போகவில்லை.

நான் அங்கேயே எழுந்து, "அதுல இருக்கிறது நிஜம்" என்றேன். "எதும்மா நிஜம், ஏழு கடலா?" என்றார் பாதுகாப்பு அதிகாரி.  உங்கள் பேச்சில் பத்தில் ஒன்பதைக் கழித்துவிட்டு மிச்சம் ஒன்றைச் சந்தேகப்பட வேண்டும் என்று அப்பா சொல்வாரே, இத்தனை வருடமாக நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நேற்று அந்த ஒன்று தேவைப்பட்டது. யாரும் கையில் எடுக்கவில்லை.

அப்பா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, அதை அடுத்தவர் பொருள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது. அவரால் போட முடியவில்லை. நான் போட்டுவிட்டேன். அவ்வளவு பேர் முன்னால்.

எழுத்துமூலமான வாக்குமூலம் ஏதாவது இருந்தால் ஏப்ரல் ஆறாம் தேதி மாலைக்குள் வரலாம் என்று கெஞ்சி அவகாசம் வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு முடிவு.

கருவியைச் சோதித்ததும் காலிபரேஷன் பதிவேட்டில் எழுதுவீர்களே, அப்படி எழுதுங்கள். தேதி, நேரம், பார்த்தது, செய்தது, கையெழுத்து. மகுடம் கிடையாது, மூடி. மூக்கர் கிடையாது, அனலைசர். கண்ணீர் கிடையாது. ஒரு பக்கத்தைத் தாண்டினால் நான் கொடுக்க மாட்டேன். மூடியையும் அனுப்புங்கள்.

இது உங்களால் முடியுமா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.


ஏப்ரல் 2

மருமகளே,

இத்துடன் வாக்குமூலம், இரண்டு பிரதி. மூடி தனிப் பெட்டியில். இந்தத் தொழிற்சாலை மேலாளருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டேன். பின்னால் யாராவது கேட்டால், அங்கே ஒரு கதை இங்கே ஒரு கதை என்று ஆகக்கூடாது.

"நான் உங்கள் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் கருவி மெக்கானிக்காக இருந்தேன். சென்ற அக்டோபர் நான்காம் தேதி, என் கடைசிப் பணி நாளில், பிற்பகல் மூன்று மணி அளவில், 17-ஆம் எண் ஆக்சிஜன் அனலைசரைச் சோதித்தேன். சோதித்த பிறகு சோதனைத் துவாரத்தின் பித்தளை மூடியைத் திரும்ப மாட்டவில்லை. நினைவுப் பொருளாக எடுத்துக்கொண்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. துவாரத்தை மரத் தக்கையால் அடைத்தேன். மரம் அந்தச் சூட்டில் சுருங்கும் என்பது எனக்குத் தெரியும். ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்தேன். ஒப்படைப்புத் தாளில் இதை எழுதவில்லை. புதிதாக வந்தவரிடமும் சொல்லவில்லை. மூடியை இத்துடன் அனுப்பியுள்ளேன். அதில் எண் உள்ளது. தக்கையில் நான் சுற்றியது அகலமான வெள்ளை டேப், மூன்று சுற்று, அடியில் இருக்கும். அனலைசர் அதிகமாகக் காட்டியதற்கு நானே காரணம். அதைப் பார்த்துக் காற்றைக் குறைத்த ஆபரேட்டர் விதிப்படி நடந்தார். அவர் தவறு ஏதும் இல்லை. அவர் என் அக்காவின் கணவர். அதற்காக இதை எழுதவில்லை."

பதினோரு பக்கம் எழுத ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. இதற்கு நான்கு நாள். ஒவ்வொரு வரியிலும் ஏதோ ஒன்று வாலாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. விரட்டினேன்.

கடைசி வரி உண்மையா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். அடிக்கவில்லை.

மாமா


ஏப்ரல் 15

மாமா,

வாக்குமூலம் நாலாம் தேதி வந்தது. பெரியவர் முதலில் கடைசிப் பக்கத்தைத் தேடினார். இதுதான் மொத்தமும் என்றேன். உட்கார்ந்து படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். "இதை அவன்தான் எழுதினானா?" என்று கேட்டார். கையெழுத்தைப் பழைய பதிவேட்டோடு வைத்துப் பார்த்தார். தக்கையைக் கொண்டுவரச் சொல்லி டேப்பைப் பிரித்தார். மேலே நான் சுற்றியது, அடியில் வெள்ளை, மூன்று சுற்று. அறையில் யாரும் சிரிக்கவில்லை.

அப்பாவின் லைசென்ஸ் அப்படியே இருக்கிறது. பரிந்துரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். எனக்குக் கண்டிப்புக் கடிதம், பார்த்தும் கேட்காமல் விட்டதற்கு. நியாயம்தான். இனி மூடி மாட்டிய பிறகு, கீழே பேனலில் எண் இறங்குகிறதா என்று பார்த்து இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும் என்று பதிவேட்டில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்.

17-ஆம் எண்ணை நானே மாட்டினேன். கூட்ஸ் வண்டி கீழேயிருந்து மூன்றரை என்றார். ஸ்பானரைக் கீழே வைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அப்பாவின் கை ஆறிக்கொண்டிருக்கிறது. கடைசி இரண்டு விரல்கள் பாதிதான் மடங்கும், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் வேலைக்குப் போகிறார். உங்கள் வாக்குமூலத்தின் இன்னொரு பிரதியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "உங்க மாமாவுக்கு எழுத வரும்போலிருக்கே."

அம்மா இன்னும் உங்கள் பேரைச் சொல்வதில்லை. ஆனால் இந்தப் பார்சலைக் கட்டும்போது நூல் எடுத்துக் கொடுத்தது அவள்தான்.

உங்கள் கடிகாரத்தின் தலை காலியாக இருக்கும். அங்கே வைக்க, விசாரணை முடிந்து அவர்கள் திருப்பிக் கொடுத்ததை அனுப்புகிறேன்.


ஏப்ரல் 21

மருமகளே,

பார்சல் வந்தது. தக்கை நான் சீவியதைவிடச் சின்னதாகிவிட்டது. ஒரு பக்கம் கருகியிருக்கிறது.

இங்கே நான் செய்யும் எந்த வேலைக்கும் ஆறு மாதம் இன்னொருவர் கையெழுத்து வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போடுகிறவளுக்கு உன் வயதுதான் இருக்கும். நான் மூடி மாட்டிய பிறகு தன் கையால் ஒரு தடவை திருகிப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.

கடிகாரத்தின் உச்சியில் தக்கை நிற்கவில்லை, உருண்டு விழுகிறது. அதனால் அதன் முன்னால் வைத்திருக்கிறேன். மணி பார்க்க வேண்டுமானால் அதைத் தாண்டித்தான் பார்க்கவேண்டும். அறைக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. என்னைத் தெரிந்தவர்கள், இன்னும் ஏதோ வரும் என்று வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் தக்கையை அவர்கள் கையிலிருந்து வாங்கி, அதே இடத்தில் வைத்துவிடுகிறேன்.

அடுத்த மாதம் முதல் நாள் அத்தான் எந்த ஷிப்ட் என்று எழுது. வாசலில் வந்து நிற்பேன். பேச மாட்டேன். அவர் சட்டையில் பொத்தான் ஏதாவது விட்டிருந்தால், போட்டுவிட அவர் சம்மதிப்பாரா என்று கேட்டுச் சொல்.

மாமா